ஒரே கணக்கு, இரண்டு வழிகள்

இயக்கவியல் கணக்கில் முதல் வேலை சூத்திரம் தேடுவதல்ல, படம் வரைவது. பொருளைத் தனியாகப் பிரித்து, அதன்மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகக் குறிக்க வேண்டும். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

உராய்வற்ற, 30 பாகை சாய்தளத்தின் உச்சியில் 2 கிலோ கட்டை ஒன்று ஓய்வில் இருக்கிறது. உயரம் 5 மீட்டர். எனவே சரிவின் நீளம் 10 மீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால் எடை 20 நியூட்டன். தளம் தரும் செங்குத்து விசையும் 20 என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அது எடையின் ஒரு கூறுக்கு மட்டுமே சமம்: சுமார் 17.3 நியூட்டன். மற்றொரு கூறான 10 நியூட்டன் கட்டையைச் சரிவில் இழுக்கிறது. முடுக்கம் 5, அடியை எட்டும்போது வேகம் வினாடிக்கு 10 மீட்டர்.

ஆற்றல் வழியில் இது ஒரே வரி. 100 ஜூல் நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது. வேகம் அதே 10. கோணம் தேவையில்லை, நிறையும் அடிபட்டுப்போகிறது. எத்தனை அழகான சுருக்கம்! ஆனால் இறங்க எடுத்த 2 வினாடியை அறிய விசை வழியே வேண்டும்.

கவனம் தேவைப்படும் இன்னொரு இடம், தரையிலிருந்து வெகு உயரத்தில் நடக்கும் ஈர்ப்புக் கணக்கு: அதில் தொலைவைப் புவியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். 400 கி.மீ. உயரத்துக்குப் புவியின் ஆரத்தையும் சேர்த்து 6,800 கி.மீ. என்று போட்டால், அங்கும் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 என்று கிடைக்கும்.