பல்கனிக்குள் கம்பி எங்கே இருக்கிறது?

கடந்த மாதம் கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் கட்டிய மாடி வீடு. மேல்மாடியில் தெருவைப் பார்த்தபடி நான்கு அடி நீண்ட பல்கனி. அது சுவரோடு சேரும் இடத்தில், தரையில், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு.

"தம்பி, பூச்சு வெடிப்பு எண்டு மேசன் சொல்லிப்போட்டார். ரைல்ஸ் ஒட்டினால் தெரியாதுதானே?" என்றார் வீட்டுக்கார ஐயா.

ஒட்ட வேண்டாம், முதலில் அங்கிருக்கும் பூச்சாடிகளை இறக்குங்கள் என்றேன்.

கொங்கிரீட் நெருக்குதலை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்குவது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். இரண்டு சுவர்களில் இருக்கும் சாதாரணத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். இழுபடுவது அதன் அடிப்பக்கம். ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு நிற்கும் பல்கனியில் இது தலைகீழ். ஓர் அழிறப்பரின் ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய மறுமுனையைக் கீழே அமத்திப் பாருங்கள். மேசை விளிம்புக்கு நேரே மேற்பக்கம் விரியும். ஐயா வீட்டு வெடிப்பும் சரியாக அந்த இடத்தில்தான்.

வரைபடத்தில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. பிழை நடப்பது கொங்கிரீட் போடும் நாளில். தாச்சியோடு ஓடித்திரிபவர்கள் மேல்கம்பியில் மிதிக்கிறார்கள். கம்பி பலகையை நோக்கி அமர்ந்துவிடுகிறது. அடுத்த நிமிடம் மேலே கொங்கிரீட் விழுந்து மூடிவிடும். பிறகு யாருக்கும் தெரியாது. ஐந்து அங்குலத் தளத்தில், அதாவது 125 மில்லிமீற்றரில், மேலே 25 மில்லிமீற்றர் மூடி விட்டு 10 மில்லிமீற்றர் கம்பி வைத்தால், அடியிலிருந்து கம்பியின் நடு வரை 95 மில்லிமீற்றர் இருக்கும். அது 40 மில்லிமீற்றர் அமர்ந்தால் மிச்சம் 55. தாங்கும் வலுவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் விழும். சீமெந்திலோ கம்பியிலோ ஒருவரும் களவெடுக்கவில்லை, ஆனாலும் வலுவில் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது!

'இன்னும் ஓர் அடி நீட்டுவம்' என்பது வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் கேட்பது. மூன்று அடியை நான்காக்கினால் பாரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். சுவரடியில் வளைக்கும் விசையோ ஏறத்தாழ 80 வீதம் கூடும். நுனியில் கல்லுச் சுவர் கட்டினால் இன்னும் மோசம். இரும்புக் கைபிடி போதும்.

கம்பியை உள்ளே எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று இளம் பொறியியலாளர்கள் அடிக்கடி கேட்பார்கள். வெளியே நீளும் அளவின் ஒன்றரை மடங்குக்குக் குறைய விடமாட்டேன்: நான்கு அடிக்கு ஆறு அடி. பல்கனிக்குப் பின்னால் தளமே இல்லாமல் மாடிப்படி வெளி இருந்தால் அது வேறு கணக்கு. அங்கே பீம் முறுக்குப்படும். அந்த முறுக்கத்துக்கும் வடிவமைக்க வேண்டும்.

பயமென்றால் முன்னால் ஒரு தூண் வைத்தால் சரிதானே என்பார்கள். கம்பி மேலே சரியாக இருக்கும் பல்கனிக்கு நுனியில் தூண் வைத்தால், நடுவில் அடிப்பக்கம் இழுபடத் தொடங்கும். அங்கே கம்பி இராது. பலகை கழற்றும்போது நுனி முட்டுகளை முதலில் எடுத்துச் சுவரை நோக்கி வர வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். இதை மாற்றிச் செய்வதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வெடிப்பை மூடி மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கிக் கம்பியைக் கறளாக்கும். 2015 ஜூனில் அமெரிக்காவின் பேர்க்லியில் ஒரு பல்கனி உடைந்து ஆறு பேர் இறந்தார்கள். அது மரத்தால் ஆனது. ஈரம் இறங்கிச் சுவரோடு சேரும் இடத்தில் உக்கிப் போயிருந்தது. பொருள் வேறென்றாலும் இடம் அதேதான். பல்கனியைத் தாங்க இரண்டாவது பிடிமானம் இல்லை. அந்த ஒன்று விட்டால் எல்லாம் விழும்.

கோப்பாய் வீட்டில் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பி இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவியை அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சில இடங்களில் அடியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் கம்பி. அவ்வளவு கீழே கிடப்பதால், இங்கே மட்டும், முன்னால் அத்திவாரத்தோடு இரண்டு தூணும் ஒரு பீமும் கட்டித் தாங்கலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரிவராவிட்டால் உடைத்துத்தான் போட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு இனித்தான் கொங்கிரீட் போடப் போகிறீர்கள் என்றால், மேல்கம்பிக்கு அடியில் வளைத்த கம்பிக் கதிரைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, நடப்பதற்குத் தனிப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல்கனிக்குக் கொங்கிரீட் விழும்போது அடிமட்டத்தோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தேநீர் குடிக்கப் போவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஐயா கடைசியாக ஒன்றுதான் கேட்டார்: "மகனுக்கு நீங்களே ஒருக்கா எடுத்துச் சொல்லுறீங்களோ தம்பி?"