கல்லுக்கடியில் ஒரு சாட்சி

மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையைப் பார்த்தால் அதன் நீர் தூய்மையானது என்றே எவருக்கும் தோன்றும். வுழூவுக்குரிய நீரைப் பற்றிப் படிக்கும்போது நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டும் என்று கற்றிருக்கிறோம். ஆனால், ஓர் ஓடை உயிர்கள் வாழத்தக்க நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை அறிய இன்னொரு சாட்சியையும் விசாரிக்கலாம். அந்தச் சாட்சி கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் கல் ஈயின் இளம்பருவம்.

கல் ஈக்கள் பிளெக்கொப்டெரா என்னும் வருணத்தைச் சேர்ந்த பூச்சிகள். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோன்ற கூட்டுப்புழுப் பருவம் இவற்றுக்கு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் அணங்கு பல தடவைகள் தோல் கழற்றி நீருக்குள்ளேயே வளர்கிறது. இறுதியில் கல்லொன்றின் மீது ஏறி, கடைசித் தோலையும் அங்கே விட்டுவிட்டு, இறக்கையுள்ள நிறைவுடலியாக வெளிவருகிறது. இலங்கையில் அறியப்பட்டுள்ள கல் ஈக்கள் பேர்லிடே குடும்பத்தின் நியோபேர்லா சாதியைச் சேர்ந்தவை. இவற்றின் அணங்குகள் ஏனைய சிறு பூச்சிகளை வேட்டையாடி உண்பவை.

இனங்காண்பது எப்படி?

கல் ஈ அணங்கின் உடல் தட்டையானது. தலையில் நீண்ட உணர்கொம்புகளும் உடலின் முடிவில் இரண்டு வால்களும் உண்டு. அதே கல்லில் வாழும் மே ஈயின் அணங்கைக் கல் ஈ என்று நினைத்துவிடுவது எளிது. மே ஈக்குப் பெரும்பாலும் மூன்று வால்கள். எனினும் இரண்டு வால் கொண்ட மே ஈக்களும் உண்டு. வால் ஒடிந்துபோகவும் கூடும். ஆகவே வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யக்கூடாது. வேறு இரண்டு அடையாளங்களையும் கைவில்லையால் பார்க்க வேண்டும்.

முதலாவது, கால் நுனி. கல் ஈக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு உகிர்கள். மே ஈக்கு ஒன்று மட்டுமே. இரண்டாவது, சுவாசிக்க உதவும் பூக்கள். மே ஈயின் பூக்கள் வயிற்றின் இரு பக்கங்களிலும் இலைகள் போல வரிசையாக இருக்கும். பேர்லிடே குடும்பத்துக் கல் ஈயின் பூக்களோ நெஞ்சறையில், கால்கள் தொடங்கும் இடத்தில், நூல் குஞ்சம் போலக் காணப்படும்.

ஏன் இதைச் சாட்சி என்கிறோம்?

கல் ஈ அணங்குக்குக் கரைந்த ஒட்சிசன் நிறைய வேண்டும். குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போய் நீர் சூடாகிறது. கழிவு கலந்தால் அதைப் பிரிந்தழியச் செய்யும் பற்றீரியாக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்திவிடுகின்றன. மண் அரித்து வந்தால் கற்களின் இடைவெளிகள் அடைபட்டு அணங்கின் வீடே இல்லாமற் போகிறது. ஒட்சிசன் குறையும்போது சில கல் ஈ அணங்குகள் உடலை மேலும் கீழும் அசைத்து, பூக்களைச் சுற்றி நீரோட்டத்தை ஏற்படுத்திக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் அவை அவ்விடத்தில் நிலைக்க முடியாது.

இரசாயனப் பரிசோதனை, நீர் எடுத்த அந்த வேளையின் நிலையை மட்டுமே கூறும். முந்தின இரவு கழிவு வந்து கழுவுண்டு போயிருந்தால் காலையில் எடுத்த மாதிரியில் அது தெரியாமற் போகலாம். அணங்கோ பல மாதங்களாக அங்கேயே வாழ்கிறது. அது உயிரோடிருப்பது அத்தனை நாட்களுக்குமான அறிக்கை. பிரித்தானியாவில் உருவான ஒரு புள்ளி முறையில் பேர்லிடே குடும்பத்துக்கு அதியுயர் புள்ளியான 10 வழங்கப்படுகிறது. மாசடைந்த சேற்றிலும் வாழக்கூடிய கைரொனொமிட் குடம்பிகளுக்கு 2, நீர்வாழ் மண்புழுக்களுக்கு 1. கைரொனொமிட் குடம்பிகளுள் சில சிவப்பாக இருப்பது ஈமோகுளோபின் இருப்பதால்தான். அதனால் அவை குறைந்த ஒட்சிசனிலும் தாக்குப்பிடிக்கின்றன.

சாட்சி சொல்லாதவை

கல் ஈ இருக்கிறது என்பதற்காக அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கலாம் என்று பொருளல்ல. நோய்க்கிருமிகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவ்வாறே, கல் ஈ இல்லாத இடமெல்லாம் மாசடைந்த இடமும் அல்ல. தாழ்நிலத்தில் மெதுவாக ஓடும் வெதுவெதுப்பான, மணற்படுகை கொண்ட ஆறு இயல்பாகவே அதற்கு ஏற்றதல்ல. ஒரே ஓடையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒப்பிடுவதே நியாயமான விசாரணை. தோட்டத்துக்கும் ஊருக்கும் மேலே அணங்கு இருந்து, அதேபோன்ற கற்களும் வேகமும் உள்ள கீழ்ப்பகுதியில் இல்லாவிட்டால், இடையில் என்ன கலந்தது என்று கேட்க வேண்டும்.

பார்க்க விரும்புவோருக்குப் பெரிய செலவில்லை. ஒரு வெள்ளைப் பாத்திரம், மெல்லிய வலைத்துணி, கைவில்லை ஆகியவை போதும். பெரியவர் ஒருவருடன், மழையில்லாத நாளில் செல்லுங்கள். கல்லின் கீழ்ப்பக்கமாக வலையைப் பிடித்து, கல்லை மெதுவாகப் புரட்டி, வலையில் விழுந்ததைப் பாத்திரத்து நீரில் விடுங்கள். பார்த்து முடிந்ததும் அணங்கை நீரிலும் கல்லைப் பழைய பக்கமாகவும் திருப்பி வையுங்கள். அந்தக் கல் நமக்கு வெறும் கல். அதனடியில் வாழும் உயிர்களுக்கு அதுதான் வீடு.