பேசாத மனிதரும் பேசும் பெட்டியும்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்பது அவர் கொள்கை. எள்ளலுக்கு உரைகூற வந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலோடு அமையாது, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலையும் அதனுள் அடக்கினார். பின்னது அரியதொரு நகை. கண்டி நகரப் பாடசாலையொன்றிற் பல்லாண்டுகள் இதனைப் பாடஞ்சொல்லி வந்த எனக்கு இதன் உட்பொருளை விளக்கியவை ஒரு கருத்துப்படமும், அதன் வழிவந்த ஒரு தொலைக்காட்சித் தொடருமே என்றால், புலவர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

மைசூரில் 1921இல் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஆர். கே. லக்ஷ்மண், நாவலாசிரியர் ஆர். கே. நாராயணின் இளவல். பம்பாயில் 'டைம்ஸ் ஒப் இந்தியா' நாளிதழில் 1951 முதல் அவர் வரைந்துவந்த சிறு கருத்துப்படத்தில் முதியவர் ஒருவர் நிற்பார். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக்கண்ணாடி, வழுக்கைத் தலையோரத்திற் சிறிது நரைமயிர். இவ்வளவே அவர் கோலம். 'பொது மனிதர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர். அமைச்சர்கள் வாக்குறுதி வழங்கும் இடத்திலும் அதிகாரிகள் சாக்குக் கூறும் இடத்திலும் அவர் நிற்பார், பார்ப்பார். ஒரு சொல்லும் பேசார். அவர் மௌனமே எள்ளலாயிற்று.

பத்திரிகைச் சித்திரத்தைக் குடும்ப நகைச்சுவைத் தொடராக்கும் வழக்கம் அமெரிக்காவில் முன்னரே உண்டு. சிக் யங் 1930இல் தொடங்கிய 'பிளாண்டி' 1957இற் தொலைக்காட்சித் தொடராயிற்று. லக்ஷ்மணின் பொது மனிதர் தோன்றிய அதே 1951இல் ஹாங்க் கெச்சம் படைத்த குறும்புச் சிறுவன் டென்னிஸ், 1959 முதல் 1963 வரை அந்நாட்டுத் தொலைக்காட்சியிலே துள்ளித்திரிந்தான். முன்னதிற் கணவனின் பேதைமையும் பின்னதிற் சிறுவனின் இளமையும் நகைக்கு நிலைக்களன்களாயின.

பாரதத்தின் தூர்தர்ஷன் 1988இல் ஒளிபரப்பிய 'வாக்லே கி துனியா', அதாவது 'வாக்லேயின் உலகம்', இவ்விரண்டினும் வேறானது. லக்ஷ்மணின் படைப்பினை அடியாகக்கொண்டு குந்தன் ஷா அதனை இயக்கினார். பொது மனிதர் இங்கே வயது குறைந்து, சிறு உத்தியோகமும் மனைவி மக்களும் பெற்று, வாக்லே என்னும் பெயர்பூண்டு வாய்திறந்தார். அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் வாக்லேயாகவும், பாரதி ஆச்ரேகர் மனைவி ராதிகாவாகவும் தோன்றினர். வாக்லேயைக் காரால் இடித்துவிடும் இளைஞனாக ஓரங்கத்தில் வந்தவர், அந்நாளில் அறிமுக நடிகராயிருந்த ஷாருக் கான். சிறு சம்பளம், சிறு ஆசை, சிறு அவமானம்: இவையே அக்கதைகளின் பொருள். உலகம் வாக்லேயை எள்ளிற்று. அவ்வீடோ தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டது. 2021இல் இத்தொடர் புதுவடிவிற் பிறந்தபோது அவ்விருவரே முதிய தம்பதியராய் வந்தனர் என்பது அவ்வீட்டின்மீது மக்கள் வைத்த அன்புக்குச் சான்று.

சித்திரம் திரைக்கு வரும்போது நேரும் பெரிய மாற்றம் ஒன்றே. கோட்டுருவம் மௌனமாயிருக்கலாம், குடும்பம் மௌனமாயிருத்தல் இயலாது. அது பேசியாகவேண்டும். எம்மொழியிற் பேசுவது?

இவ்வினாவுக்கு நான் தவறான விடையளித்த கதையை இங்கே சொல்லவேண்டும். வாக்லேயின் வரலாற்றை வகுப்பிற் கூறி, "உங்கள் வீட்டை நான்கு கட்டங்களில் வரைந்து வாருங்கள்" என்றேன். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் லயத்துக் காம்பராவை வரைந்திருந்தாள். வெளியே மழை, கூரை ஒழுகுகிறது, தாய் வெறுங்குடத்தோடு வாயிலில் நிற்கிறாள். படத்தின் கீழே இரு வரிகள்:

"பீலியில தண்ணி வரலீங்க."

"அதுக்கென்ன, காம்பராவுக்குள்ளதான் வருதே!"

தமிழ்த்தின விழாவுக்கு அதனையே சிறு நாடகமாக்கினோம். பண்டிதன் கை சும்மா இருக்குமா? சிவப்பு மையால் திருத்தினேன். "குழாயில் நீர் வரவில்லை"; "ஆயினும் அறையினுள் வருகின்றதே!" ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பெண் பிழையின்றி ஒப்புவித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து ஏடுகளில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் என் நினைவுக்கு வந்தது. பேச்சுத்தமிழை இழிசனர் வழக்கென அன்று பண்டிதர் சிலர் இகழ்ந்தனர், எழுத்தாளர் மறுத்தனர். 'சுந்தர்' என்னும் சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே பேசித்தான் வாசகர் நெஞ்சில் இடம்பெற்றார். அவ்வழக்கு முடிந்துவிட்டதென மாணவர்க்கு நானே கற்பித்திருக்கிறேன். என் சிவப்பு மையில் அது முடியவில்லை.

இன்னுமொன்று. நானும் லயத்திற் பிறந்தவன். என் தாய் தன் வாழ்நாள் முழுவதும் 'பீலி' என்றே சொன்னாள். பண்டிதப் பரீட்சைக்குப் படித்த நாளில் அச்சொல்லை என் நாவிலிருந்து அகற்றியவன் நானே. மாணவியின் வரிகளில் நான் அடித்தது அவள் சொல்லை மட்டுமன்று.

மறுநாள் அவ்விரு வரிகளையும் பழையபடி எழுதிக்கொடுத்தேன். விழாவன்று மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெற்றோரிடமிருந்தே முதற் சிரிப்பு எழுந்தது. பின்னரே அது முன்வரிசைக்கு வந்தது. கூரை ஒழுகுவதை அறிந்தவர்கள் அவர்கள். பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் யாதென அன்று கண்டேன்.

வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டினையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் நூல்செய்தார் என்று பாயிரம் கூறும். வழக்கினை விட்டுச் செய்யுளை மாத்திரம் காப்பது அரைத்தமிழ் காப்பதாகும். மலையகத்துக் குடும்பமொன்றை ஒருநாள் யாரேனும் திரைக்குக் கொணர்வாராயின், அவர்க்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: அவ்வீட்டில் பீலி பீலியாகவே இருக்கட்டும்.