எலும்பு மாத்திரைக்கு எந்தத் தண்ணீர்?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தில்லியிலிருந்து தெற்கே கிளம்பும் ரயில்களில் நம்மவர் கூட்டம்தான். பேரன் பேத்திகளோடு ஊருக்குப் போகும் பாட்டிமார்கள், மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு மகள் வீட்டுக்குப் போகும் அம்மாக்கள், காசி, கயா முடித்துத் திரும்பும் தம்பதிகள் என்று பெட்டிக்குப் பெட்டி தமிழ் ஒலிக்கும். இவர்களுடைய கைப்பையில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு இப்போது இன்னொன்றும் இருக்கிறது: வாரத்துக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ சாப்பிடும் எலும்பு மாத்திரை.

மற்ற மாத்திரைகளை அவசரத்துக்குக் கையில் கிடைத்ததைக் குடித்து விழுங்கிவிடலாம். இந்த மாத்திரை அப்படியல்ல. "சாதாரணத் தண்ணீரில் மட்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். வீட்டில் இருக்கும்வரை அதில் குழப்பமில்லை. பயணத்தில்தான் கேள்வி எழுகிறது. பாட்டில் தண்ணீர் சாதாரணத் தண்ணீரா? "மினரல் வாட்டர் கூடாது" என்று மாத்திரைக் காகிதத்தில் போட்டிருக்கிறதே, ஸ்டேஷனில் வாங்குவது அதுதானே? ஊரில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே, அதில் சாப்பிடலாமா? இவை சின்னக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் விடை தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரையை வீணாக்குகிறவர்கள் உண்டு. தொண்டையைப் புண்ணாக்கிக் கொள்கிறவர்களும் உண்டு.

எலும்பைத் தேடிப் போகும் மருந்து

எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகள் பிஸ்பாஸ்போனேட் என்ற வகையைச் சேர்ந்தவை. அலெண்ட்ரோனேட் (வாரம் ஒன்று, 70 மில்லிகிராம்), ரைசெட்ரோனேட் (வாரம் ஒன்று, 35 மில்லிகிராம்), ஐபாண்ட்ரோனேட் (மாதம் ஒன்று, 150 மில்லிகிராம்) ஆகியவை இவற்றில் முக்கியமானவை. அட்டையில் கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், அதன் கீழே சிறிய எழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும்.

இந்த இரசாயனப் பொருள்களின் பூர்வீகம் சுவாரசியமானது. மருந்துக் கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, தொழிற்சாலைக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவம் சேராமல் தடுக்க இவ்வகைப் பொருள்கள் பயன்பட்டன. தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது இவற்றின் குணம். 1960களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிளைஷ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதே குணத்தை எலும்பு நோய்க்குப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார்கள். எலும்பும் கால்சியம்தானே! இரத்தத்தில் கலந்ததும் மருந்து நேரே எலும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. அலெண்ட்ரோனேட் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எலும்பில் உதவும் அதே குணம் வயிற்றில் உபத்திரவமாகிறது. அங்கே கால்சியமோ, மக்னீசியமோ, இரும்போ இருந்தால் மருந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் விழுங்கினால்கூட 70 மில்லிகிராமில் உடம்பில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதாவது அரை மில்லிகிராம்கூடத் தேறாது. காப்பியோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ விழுங்கினால் அதிலும் சுமார் 60 சதவீதம் குறைந்துவிடும். காலை உணவோடு சாப்பிட்டால் சேர்வது அனேகமாகப் பூஜ்யம். இவ்வளவு சொற்ப அளவு சேர்வதால்தான் எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு இத்தனை மதிப்பு.

பாட்டில் தண்ணீர் எல்லாம் ஒன்றல்ல

நம் நாட்டில் பாட்டிலில் வரும் எதையும் "மினரல் வாட்டர்" என்றோ "பிஸ்லேரி" என்றோ சொல்லிப் பழகிவிட்டோம். சட்டப்படி அவை இரண்டு தனி இனங்கள். ஒன்று "பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்". இது சுத்திகரித்து அடைக்கப்பட்ட குடிநீர். இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14543. மற்றொன்று "பேக்கேஜ்டு நேச்சுரல் மினரல் வாட்டர்". இது ஊற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுத்து, அதன் இயற்கையான தாதுக்களோடு அடைக்கப்படுவது. இதன் எண் ஐ.எஸ். 13428. ரயிலில் விற்கும் ரயில் நீர் உட்பட ஸ்டேஷன்களில் நாம் வாங்குவது பெரும்பாலும் முதல் இனம். மாத்திரைக் காகிதம் கூடாது என்று சொல்வது இரண்டாம் இனத்தை.

முதல் இனத்திலும் சில கம்பெனிகள் சுவைக்காகச் சிறிது தாது உப்புகளைச் சேர்க்கின்றன. அது கவலைப்படும் அளவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரில் 200 மில்லி குடித்தால் வயிற்றுக்குள் போவது 15 மில்லிகிராம். ஒரு தம்ளர் பாலிலோ சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. ஐரோப்பியக் கனிம நீர்களில் சில பாலை நோக்கியே போகின்றன. பிரான்சின் கான்ட்ரெக்ஸ் என்ற நீரில் லிட்டருக்குச் சுமார் 468 மில்லிகிராம் கால்சியம். ஒரு தம்ளரில் 90-க்கு மேல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பல உண்மையான கனிம நீர்களே. பாட்டிலின் பக்கவாட்டில் கால்சியம், மக்னீசியம் அளவு அச்சிட்டிருக்கும். இரண்டு பாட்டில் இருந்தால் எண் குறைந்ததை எடுங்கள்.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

நம் ஊர் வீடுகளில் இரண்டு குழாய் இருப்பது வழக்கம். ஒன்று குடிக்க, சமைக்க. மற்றொன்று போர்வெல் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் மென்னீர், கடின நீர் என்று படித்த பாடம் இங்கே பயன்படும். சோப்பு நுரைக்காத தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஏடு கட்டும் தண்ணீர், உலர்ந்ததும் குழாய் முனையில் சுண்ணாம்புத் திட்டு விடும் தண்ணீர் எல்லாம் கடின நீர். அதாவது கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது.

இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. இது கால்சியம் கார்பனேட் கணக்கு. 600 அளவுள்ள நீரில், கடினம் முழுவதும் கால்சியத்தால் வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு தம்ளரில் 48 மில்லிகிராம் கால்சியம் சேர்கிறது. குடித்தால் உடம்புக்குக் கெடுதலில்லை. மற்ற நேரங்களில் அது எலும்புக்கு வரவுதான். மாத்திரை விழுங்கும் அந்த ஒரு தம்ளருக்கு மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். ஐபாண்ட்ரோனேட் மாத்திரைக்கான ஐரோப்பியக் குறிப்பும், குழாய் நீர் கடினமானதோ என்ற சந்தேகம் இருந்தால் தாது குறைந்த பாட்டில் நீரைப் பயன்படுத்தச் சொல்கிறது.

தில்லி வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அதன் நீரே இதற்குப் போதும். அதில் தாதுக்கள் பெருமளவு நீங்கிவிடுகின்றன. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கும்போது கவலையே இல்லை. போர்வெல் தவிர வேறு கதியில்லாத வீட்டில், தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக வடித்து எடுக்கலாம். தற்காலிகக் கடினம் எனப்படும் பகுதி இதில் குறையும். நிரந்தரக் கடினம் குறையாது. அங்கே ஒரு பாட்டில் குடிநீர் வாங்கி அந்த ஒரு நாளுக்கென்று வைத்துக்கொள்வது எளிது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மென்மையை விடச் சுத்தம் முக்கியம். கடினமில்லாத நீர் என்பதற்காக எங்கோ ஓர் ஊற்றிலோ ஆற்றிலோ பிடித்துக் குடித்து வயிற்றுப்போக்கை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

ரயிலில் ஒரு காலை

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவு, நடுவே ஒரு பகல். அந்த நடுப்பகலின் காலையில் மாத்திரை நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போபால் பக்கம் விடிகிறது. கீழ்ப் படுக்கையில் பாட்டி. நடுப் படுக்கையில் யாரோ குறட்டை விடுகிறார். காலை ஆறு மணி வரை அது அவருடைய உரிமை. அதன் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது, தலை இடிக்கும். பாட்டி சரிந்தபடியே மாத்திரையை வாயில் போட்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார். ஏன் இரண்டே மடக்கு? நிறையக் குடித்தால் ஆடும் ரயிலில் பாத்ரூமுக்கு நடக்க வேண்டுமே என்ற பயம். கொஞ்ச நேரத்தில் "காப்பி, காப்பி" என்ற குரல் வருகிறது. எழுந்து ஒரு கப் காப்பி.

இதில் மூன்று ஆபத்து இருக்கிறது. காப்பியால் மருந்து வீண். குறைந்த தண்ணீரால் மாத்திரை உணவுக்குழலில் ஒட்டிக்கொள்ளலாம். படுத்ததால் வயிற்றுக்குள் இறங்கியதும் மேலேறி வரலாம். இந்த மருந்து உணவுக்குழலின் சுவரைப் புண்ணாக்கக் கூடியது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கியவர்களுக்கும் விழுங்கியதும் படுத்தவர்களுக்கும் கடுமையான புண் ஏற்பட்டதை 1996-இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டு எச்சரித்தது.

ஆகவே தண்ணீரின் வகையைப் போலவே அளவும் முக்கியம். 180 முதல் 240 மில்லி வரை, அதாவது நிறைந்த ஒரு தம்ளர். அரை லிட்டர் பாட்டிலில் ஏறக்குறையப் பாதி. ரயில் டீக் கப்பால் அளந்தால் போதாது. நடுப் படுக்கையை மடக்கிய பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். கடிக்கவோ சப்பவோ கூடாது. பிறகு அரை மணி நேரம் (ஐபாண்ட்ரோனேட் என்றால் ஒரு மணி நேரம்) தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. படுக்கவும் கூடாது. காப்பி, பால், மோர், இளநீர், சோடா, கேரளத்துச் சீரக வெந்நீர் எல்லாம் காத்திருக்கட்டும். யாத்திரையில் கோயில் தீர்த்தமும் அதற்குப் பிறகுதான். கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் சாப்பிடுபவர்கள், எது முதலில் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன?

இவ்வளவும் ரயிலில் சரிப்படாது என்று தோன்றுகிறதா? அதற்கும் வழி இருக்கிறது. இந்த மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது. ஓரிரு நாள் தாமதத்தால் குடி முழுகிவிடாது. வாரம் ஒரு மாத்திரைக்கான விதி இது: தவறிவிட்டால், நினைவு வந்த மறுநாள் காலையில் ஒன்று சாப்பிட வேண்டும், பிறகு வழக்கமான கிழமைக்கே திரும்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு கூடாது. ஞாயிறு உங்கள் நாள், சனி இரவு ரயில் என்றால், திங்கள் ஊர் சேர்ந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, செவ்வாய் காலை நல்ல தண்ணீரில் சாப்பிடுங்கள். மாத மாத்திரையைத் தவறவிட்டால், அடுத்த மாத்திரைக்கு ஏழு நாளுக்கு மேல் இருந்தால் மட்டும் மறுநாள் காலை சாப்பிடலாம். இல்லையேல் அடுத்த நாள் வரும் வரை காத்திருக்கலாம். தண்ணீரும் அருந்தாத விரதம் இருப்பவர்கள் அந்த நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது தள்ளிப்போனால் முதுகெலும்பு முறிவு ஏற்படும் அபாயம் கூடும். ஊருக்குப் போகும் தேதியை வைக்கும்போதே ஊசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு அதிகம் உள்ளவர்கள் இந்த மாத்திரை தமக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் பேச வேண்டும். விழுங்கும்போது வலி, நெஞ்சுக்குள் புதிதாக எரிச்சல் என்று ஏதாவது வந்தால் அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே காட்ட வேண்டும்.

வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்கள் அறியும். ஆபரேஷன், படுக்கை, தில்லியிலும் பம்பாயிலும் இருக்கும் பிள்ளைகள் மாற்றி மாற்றி லீவு போட்டு ஓடிவருவது. அதைத் தடுப்பதற்காகத்தான் இந்த மாத்திரை. அம்மாவை ரயிலேற்றிவிடப் போகும் மகன்கள், மாத்திரை அட்டையோடு ஒரு சாதாரணக் குடிநீர்ப் பாட்டிலையும் "இது மாத்திரைக்கு" என்று சொல்லிக் கொடுத்தனுப்பட்டும். பாத்ரூம் பக்கத்திலேயே கீழ்ப் படுக்கை கிடைத்தால், அம்மா தயங்காமல் ஒரு தம்ளர் முழுவதும் குடிப்பாள்.