பதறாத காரியம் சிதறாது

பூட்டை உடைத்துத் திருடுவது ஒரு வகை. வீட்டுக்கு உரியவரையே பூட்டைத் திறக்கச் செய்து திருடுவது மற்றொரு வகை. இணையவழி மோசடிகள் பலவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. வங்கியின் கணினியை உடைப்பது கடினம். மனிதரின் மனத்தைக் கலக்குவது எளிது. ஆகவே, மோசடி செய்வோர் பிறரின் அறியாமையையும் அச்சத்தையும் பயன்படுத்திக்கொள்கின்றனர்.

பணியிட மாற்றம் பெற்று வேறு நகரத்திற்குச் செல்லும் குடும்பங்கள், கட்டில், அலமாரி போன்றவற்றை இணையத்தில் விளம்பரம் செய்து விற்பதுண்டு. விளம்பரத்தைக் கண்டு ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கு இசைகிறார். தாம் படைவீரர் என்றும், நேரில் வர இயலாது என்றும் கூறி, ஒரு கியூஆர் கோடு அனுப்புகிறார். “இதை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் பதியுங்கள், பணம் வந்து சேரும்” என்கிறார். அவ்வாறு பதிந்தவுடன், விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் வெளியேறிவிடுகிறது.

யுபிஐ முறை இந்தியாவில் 2016ஆம் ஆண்டு அறிமுகமானது. அம்முறையில் பணம் செலுத்துவதற்குப் பொதுவாக இரகசிய எண் வேண்டும். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் வேண்டியதில்லை. கோயில் உண்டியலில் காசு போடச் சாவி தேவையில்லை. எடுப்பதற்கே சாவி தேவை. இதனை நினைவிற் கொண்டவரை இம்மோசடியில் வீழ்த்துவது அரிது.

அடுத்தது அச்சமூட்டும் மோசடி. காணொளி அழைப்பில் காவலர் சீருடையுடன் ஒருவர் தோன்றி, “உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது” என்று மிரட்டுவார். பின்னர், விடுவிப்பதற்குப் பணம் கேட்பார். சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றில்லை என்பதை, இந்தியப் பிரதமர் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் மக்களுக்கு எடுத்துரைத்தார்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றோர் இடரும் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒருவர் அதிகாரத்துடன் பேசினால், அம்மொழியில் பழக்கம் குறைந்த பெரியோர் எளிதில் அஞ்சிவிடக்கூடும். மாறாக, அயலூரில் தமிழ்க் குரல் கேட்டவுடன் மகிழ்ந்து நம்பிவிடுவதும் உண்டு. ஒரே மொழி பேசுவது நேர்மைக்குச் சான்றாகாது. “இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தால், அதைப் படித்துப் பொருள் கூறுபவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளையே ஆவார். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், பழைய மின்கட்டண ரசீதில் உள்ள எண்ணை அழைத்து உண்மையை அறிவதே முறை. வங்கியின் பெயரால் அழைப்பு வந்தால், வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணை நாடலாம்.

இம்மோசடிகள் அனைத்திலும் இரண்டு கூறுகள் காணப்படும். ஒன்று அவசரம், மற்றொன்று தனிமை. “உடனே செய்” என்பதும், “ஒருவரிடமும் சொல்லாதே” என்பதும் சேர்ந்து வந்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் கூறுவதே முதற்கடமை. ஓடிபி, இரகசிய எண் ஆகியவற்றை எவருக்கும் சொல்லக் கூடாது.

பணத்தை இழந்துவிட்டாலும் வழி உண்டு. உடனடியாக 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற்றப்படும். புகார் விரைவாகச் சென்றால், அது கைமாறுமுன் வங்கிகள் தடுத்து நிறுத்த இயலும். திட்டுவார்களோ என்று அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே உதவும். எனவே, ஏமாற்றப்பட்டவர் தாத்தாவாயினும் தம்பியாயினும், அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் அந்த எண்ணை அழைப்பதே அறிவுடைமை.

பயிற்சி

1. பணம் பெறுவதற்கு இரகசிய எண் கேட்பவர் ஏன் ஐயத்திற்குரியவர்?
2. மோசடிகளில் காணப்படும் இரண்டு கூறுகள் யாவை?
3. இப்பாடத்தின் செய்திகளை ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு விளக்கி ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.