தலைவலிக்காரர் சொல்வதை யார் கேட்பது?

தலைவலிக்கா இப்படி?

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நம்பிவிடுவார்கள். மைக்ரேனுக்கு அப்படி வெளியே காட்ட ஒன்றும் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் மருமகளைப் பார்த்து, "தலைவலிக்கா இப்படி?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு மைக்ரேன் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் அந்தப் பேச்சைக் கேட்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மைக்ரேன் நரம்பு மண்டலம் சார்ந்த நோய். மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். விண்விண்ணென்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஒற்றைத் தலைவலி என்கிறோமே தவிர, இரண்டு பக்கமும் வலிக்கலாம். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணெதிரே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தோன்றும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்

முதலில் கண்ணாடிக் கடை, அடுத்து சைனஸ் வைத்தியம், நடுவில் பித்தத்துக்கு எலுமிச்சை. கடைசியில் ஸ்கேன். அதில் ஒன்றுமில்லை என்றதும், வலியே பொய் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே சொல்வதற்கு விவரம் வேண்டும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். 'காலை 11 மணி, வலது கண்ணுக்கு மேல், வாந்தி 2 முறை, மாத்திரை 1, நேற்று இரவு சாப்பிடவில்லை' என்று அந்தத் தேதியில் கிறுக்கி வையுங்கள். மாதவிடாய் நாளையும் குறியுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால், ஐந்து நிமிடமே கிடைக்கும் மருத்துவரிடமும் உருப்படியாகப் பேசலாம்.

மாத்திரையே வலி தரும்போது

அந்தக் குறிப்பில் முதலில் எண்ண வேண்டியது மாத்திரை போட்ட நாட்களை. பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரையையோ பல மருந்துகள் கலந்த கூட்டு வலிமாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ என மாதக்கணக்கில் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மெடிக்கலில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வசதி இல்லை, ஆபத்து.

அடிக்கடி வலி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் உண்டு. அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தால், இணையத்தில் தேடிவிட்டு, "இது மனச்சோர்வு மருந்தாச்சே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மைக்ரேனுக்குக் குறைந்த அளவில் தருகிறார்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். புரோப்ரனோலால் தந்தால், ஆஸ்துமா இருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது?

குடும்ப மருத்துவரிடமே தொடங்கலாம். கட்டுக்குள் வராவிட்டால் நரம்பியல் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். தொடர் வலியால் மனம் ஒடிந்துபோனால் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இதே வலி உள்ளவர்களோடு பேசுவது பெரிய ஆறுதல்தான். ஆனால் அவர்கள் போடும் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டு வாங்க வேண்டாம்.

தள்ளிப்போடக் கூடாதவை

இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியையும், கர்ப்பிணிகளுக்குப் புதிதாக வரும் கடும் தலைவலியையும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.