பீரோ மேல தூங்குற பழைய லேப்டாப்பை எழுப்பலாமா?

ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா உங்க லேப்டாப்? தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப், அக்கா காலேஜ் படிச்சப்போ வாங்கிய குட்டி நெட்புக் என ஏதாவது ஒண்ணு பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. பழைய இரும்புக் கடையில் போடும் முன் ஒரு நிமிஷம்! பல சமயம் மெஷின் நல்லாத்தான் இருக்கும். அது சுமக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கனம்.

ஏன் இவ்ளோ ஸ்லோ?

ரேம் என்பது வேலை செய்யும் மேஜை. ஹார்ட் டிஸ்க், பீரோ. 2 ஜிபி ரேம் என்றால் மேஜை ரொம்பச் சின்னது. விண்டோஸ் 10 வந்து உட்கார்ந்தாலே பெரும்பகுதி நிறைஞ்சிடும். பிரவுசரையும் திறந்தால், மேஜையில் இருப்பதை பீரோவில் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாகவே நேரம் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 எல்லாம் கேட்கும். அப்டேட் இல்லாத மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு போடுவது ரிஸ்க்.

எதைப் போடலாம்?

இங்கேதான் லினக்ஸ் வருது. எல்லாமே இலவசம். ரேமைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

4 ஜிபி: லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் மாதிரியே ஸ்டார்ட் மெனு இருப்பதால் சீக்கிரம் பழகிடும்.

2 ஜிபி: லுபுண்டு. உபுண்டுவின் இளைத்த தம்பி. 64 பிட் பிராசஸர் வேண்டும்.

1 ஜிபி அல்லது 32 பிட் மெஷின்: ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். பப்பி மொத்தமாக ரேமில் ஏறி உட்கார்ந்து ஓடும் அளவுக்குச் சின்னது.

முதலில் டெஸ்ட் டிரைவ்!

உடனே இன்ஸ்டால் பண்ண வேண்டாம். வேறொரு கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். பிறகு லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் கீயை அழுத்தினால் பூட் மெனு வரும் (கம்பெனிக்கு கம்பெனி கீ மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கிறதா பாருங்கள். திருப்தி என்றால் மட்டும் இன்ஸ்டால். அதற்கு முன் பழைய போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் காப்பி எடுத்துடுங்க. மொத்தமாக அழித்து இன்ஸ்டால் செய்தால் அதெல்லாம் போயிடும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு?

டைப்பிங், பிடிஎஃப், ஆன்லைன் கிளாஸ், கோடிங் பழகுவது... இதெல்லாம் ஓகே. ஆனா, ஒரே நேரத்தில் 20 டேப் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும். போட்டோஷாப், டேலி போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவைதான் உங்க தினசரி வேலை என்றால் இந்த வழி சரிப்படாது. கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற தம்பியோ தங்கையோ போனிலேயே அசைன்மென்ட் டைப் பண்ணிட்டு இருக்காங்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவோட உட்கார்ந்து பாருங்க.